எஸ்தர் சிஸ்டர் இறங்கி நடந்த பாதை

இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள்; முக்கியமாக என் அப்பாவிடம். எஸ்தர் சிஸ்டரின் பேரை எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் எங்கள் ஊர் சிலமலையில், மலைத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் அப்பாவின் ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள்தான் சொன்னார்கள். "சிஸ்டரு போயிட்டாக. நாளைக்கு மலையிலயே அடக்கமாம்." அப்பா சாவியை உருவிக்கொண்டு, "நாளைக்கு ஜீப்பு ஓடாது" என்றார்.

மற்ற ஊழியக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் மலையேறுவார்கள். ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பிலேயே வந்து தங்கிய முதல் ஆள் சிஸ்டர்தான். காய் பறிக்கும் பெண்களின் குழந்தைகளை ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா பறிக்கப் போனபோது நானும் அங்கேதான் வளர்ந்தேன்.

கடற்கரையில் பிறந்தவர் இந்தக் குளிருக்கு ஏன் வந்தார்? கேட்டேன். "அங்க மீன் கடிக்காது, இங்க அட்ட கடிக்குது. அப்புறம்?" என்று சிரித்தார். எங்களை ஏன் கோயிலை விட்டுவரச் சொல்லவில்லை என்றும் கேட்டேன். "கேக்காதவங்களுக்கு நான் ஏசுவப் பத்திச் சொல்றதில்ல. நீ கேளு, சொல்றேன். அப்புறம்?" எது சொன்னாலும் ஒரு 'அப்புறம்?' வைப்பார், நாம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்.

போன காய்ப் பருவத்தில், போடிக்கு வந்த சிஸ்டர் அப்பாவின் ஜீப்பில் திரும்பினார். பின்பக்கம் பெண்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா, "ஏறுங்க வெரசா, இன்னும் ரெண்டு பேரு ஒக்காரலாம்" என்றார்.

"அண்ணே, ஏலக்கா மூட்டையக்கூட நசுங்காம அடுக்குவீங்களே!" என்றார் சிஸ்டர்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "புடிக்கலன்னா நடந்து போங்க" என்றார் அப்பா. சிஸ்டர் இறங்கி, மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் முதலில் இறங்கியது என் அம்மா. பிறகு எல்லோரும். அப்பா காலி ஜீப்பை ஓட்டிப் போனார். அன்றிலிருந்துதான் சிஸ்டர் பேருக்குத் தடை.

நாளை நடந்தே போவதாக அம்மா அடுப்படியில் மெல்லச் சொன்னாள். நானும் போவேன். பார்த்தால் அப்பா அடிப்பார், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'அப்புறம்?' ஒன்றுதான். அடிப்பார். அப்புறம்? கத்துவார். அப்புறம்?

வாசலில் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்கிறது. அப்பா எங்கே போகிறார், இந்நேரத்தில்?

அப்பாதான் கதவைத் தட்டுகிறார். "ஆத்தா, முழிச்சிருக்கியா? அம்மாவ எழுப்பு. எல்லாரையும் ஒண்ணா ஏத்த மாட்டேன், ரெண்டு நடையாத்தான் மலைக்குப் போவணும். வெரசா..."