நாலு மூலைப் பூட்டு

ஜாக்கி ராடால் டிரெய்லரின் நான்காவது மூலையையும் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, தட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார் தேவானந்தம். பின்னால் புறப்படக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ஹாரன் அடிக்கின்றன. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் மூலைக்கே போகிறார்.

“பூட்டு கெளம்பிட்சா?” யார்டு வாசல் டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

“எங்க கெளம்புது? இன்னொரு ரவுண்டு கீதுல்ல” என்றது இன்னொரு குரல்.

“ணா, வூட்ல கக்கூஸ் கதவுக்கும் நாலு மூல லாக்கு போட்டுகினுதான் குந்துவியா?”

சிரிக்கிறார்கள். தேவானந்தமும் பல் தெரியாமல் சிரித்துவைக்கிறார். ஆனால் நடையை மாற்றிக்கொள்வதில்லை. மண்ணிவாக்கத்தை ஒட்டிய அந்தக் கன்டெய்னர் யார்டில் அவருக்குப் பெயரே ‘பூட்டு’தான். பெற்றோர் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது.

விஷயம் இதுதான். டிரெய்லரின் முதுகில் கன்டெய்னர் பெட்டியை இறக்கும்போது, அதன் கீழ்மூலைகள் நான்கிலும் ஓர் இரும்புக் கொண்டை நுழைந்து நிற்கும். அடியில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் கொண்டை குறுக்காகிப் பெட்டியைக் கவ்விக்கொள்ளும். திருப்பாவிட்டால் பெட்டி தன் கனத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். கேட்டில் பார்ப்பார்கள் என்பதற்காகப் பூட்டுவதும், கேட்டைத் தாண்டியதும் ஓரங்கட்டி இறங்கித் திறந்துவிடுவதும் அங்கே பல டிரைவர்களின் வழக்கம். வளைவில் வண்டி சாய்ந்தால், பூட்டிய பெட்டி வண்டியையும் டிரைவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாயும். திறந்திருந்தால் பெட்டி மட்டும் கழன்று விழும். வண்டி நிற்கும், டிரைவர் இறங்கி வீட்டுக்குப் போகலாம். பெட்டி விழுகிற இடத்தில் யார் இருப்பார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது.

தேவானந்தமும் ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து திறந்துவிட்டே ஓட்டியவர்தான்.

ஆள் குள்ளம். ஐம்பதைத் தாண்டிவிட்டது. கேபினில் கைலியும் பனியனும். தொழிற்சாலை வாசலில் காட்டுவதற்கென்று ஒரு காக்கிச் சட்டை சீட்டுக்குப் பின்னால் மடிப்புக் கலையாமல் தொங்கும். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்ன மரச் சிலுவை. மற்ற வண்டிகளில் பாட்டு அலறும். இவர் வண்டியில் ரேடியோ இருந்த இடம் வெறும் ஓட்டை. பாட்டு வைத்தால் பெட்டியின் சத்தம் கேட்காது என்பார். பூட்டாத பெட்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் எழும்பி உட்காரும். டங்கென்று ஒரு சத்தம் வரும். வெளிவட்டச் சாலையில் வரிசையாக வண்டிகள் போகும்போது கேட்டால் தெரியும், எல்லாம் டங் டங்கென்று போகும். இவருடையது மட்டும் ஊமையாகப் போகும்.

அந்தச் சத்தத்தை அவரால் வீட்டிலும் தாங்க முடிவதில்லை. பீர்க்கன்காரணையில் இரண்டு அறை வாடகை வீடு. அங்கே ஆடுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கட்டில் காலுக்கு அட்டை, கேஸ் அடுப்புக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு, ஃபிரிட்ஜுக்கு மடித்த காலண்டர் தாள். சோற்றுப்பானை மூடி கொதியில் தடதடத்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

“சோறு வேவ வேணாமா? இன்னாங்க பேஜாரு இது!” என்று மறுபடி பற்றவைப்பாள் செல்வமேரி.

செல்வமேரி அவர் மனைவி. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை. முற்பகலில் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனால் ராத்திரிச் சாப்பாடு முடித்துத் திரும்புவாள். அவளுடைய தம்பி சுகுமார், தேவானந்தத்தின் அதே யார்டில் அதே மாதிரி டிரெய்லர் ஓட்டுகிறவன். மச்சானுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் தேவானந்தம்தான். பெட்டியைத் திறந்துவிட்டு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

வெளிவட்டச் சாலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவில் அது நடந்தது. வேகமில்லை. உள்ளே சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். வண்டியின் ஒரு பக்கம் சற்றே தூக்கியது; அப்புறம் திடீரென்று வண்டி லேசாகிவிட்டது. தோளிலிருந்து மூட்டையை இறக்கினாற்போல் இருந்ததாம் அவருக்கு. இறங்கிப் பார்த்தபோது பெட்டி சாலையில் படுத்துக் கிடந்தது. அதன் விளிம்புக்கு வெளியே ஸ்கூட்டரின் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது.

ஓட்டி வந்தவர் ஸ்ரீநிவாசன். ஊரப்பாக்கத்துக்காரர், ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

வண்டி முதலாளி ஏகநாதன் வந்து டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “வண்டி மேல ஒரு கோடு விழல தேவா. டிரைவர்னா நீதான்யா” என்று முதுகில் தட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிரியாணிப் பொட்டலம் அனுப்பிவைத்தார். அதைப் பிரித்து, மூடி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார் தேவானந்தம். போலீஸ் எழுதியது அதிவேகம். பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வழக்கு செங்கல்பட்டில் இன்னும் நடக்கிறது.

முதல் வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் ஒரு அம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்ரீநிவாசனின் மனைவி லோகநாயகி, பள்ளிக்கூட டீச்சர். திட்டப்போகிறார் என்று இவர் எழுந்து நின்றார். அந்த அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எங்கயும் அடி படலையா?” என்றார்.

“இல்லமா.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணும் இல்லமா.”

தலையை ஆட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்து வண்டி எடுத்த அன்றைக்கு, நான்கு மூலையையும் பூட்டிவிட்டுத்தான் தேவானந்தம் கேபினில் ஏறினார்.

சும்மா பூட்டிக்கொண்டு போயிருந்தால் பரவாயில்லை. எல்லோரிடமும் சொன்னார். டீக்கடையில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொன்னார். சுகுமாரிடம் தினமும் சொன்னார்.

“லாக்கு போடு மச்சான்.”

“போட்டா நானும் சேந்து சாயணும் மாமா. போடலன்னா பொட்டி மட்டும் போவும். நீ கத்துக்குடுத்தது தான?”

“நான் கத்துக்குடுத்தது தப்புடா.”

“அப்ப ஒனுக்குத் தப்பா தெர்ல. இப்ப நீ பைபிள் படிக்கிற. எனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது மாமா. நாளிக்கி நான் நசுங்கிக் கெடந்தா சினேகாவுக்கு நீயா பதில் சொல்லுவ?”

சினேகா அவன் மனைவி. தேவானந்தம் மச்சான் டீ குடிக்கும் நேரம் பார்த்து அவனுடைய வண்டிக்குப் போய் நான்கையும் பூட்டிவிட்டு வருவார். அவன் டம்ளரை வைத்துவிட்டு வந்து நான்கையும் திறப்பான். இது ஒரு சடங்குபோல நடந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அவர் பேச்சைக் கேட்டவன் ஒரே ஒருவன், அதே யார்டில் ஓட்டிய லோகநாதன். இளகிய மனசுக்காரன். மறுநாளே பூட்ட ஆரம்பித்தான். இந்த மழைக்காலத்தில் படப்பை அருகே குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தான். பெட்டி, டிரெய்லர், கேபின் எல்லாம் ஒரே கட்டாகச் சாய்ந்தன. உயிர் தப்பிவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தேவானந்தம் ஞாயிறுதோறும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார். கட்டிலில் படுத்தபடியே லோகநாதன் வரவேற்பான்.

“வா ணா. நீ சொன்னது கரெக்டு. பொட்டி பத்திரமா கீது. உள்ள ஒரு ஸ்பேர் பார்ட்டுகூட ஒடயல.”

சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரிப்பு நிற்கிறவரைக்கும் தேவானந்தம் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருப்பார்.

லோகநாதன் விழுந்த வாரத்தில் செல்வமேரி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்லித்தான அவரு பூட்னாரு?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நீங்க பூட்டிக்கினு போங்க. பொட்டியோட ஒங்கள கட்டிப் போட்டுக்கினு தினிக்கும் போறீங்க, நானும் வேலைல பாதி நேரம் போனப் பாத்துக்கினே கீறேன். சரி, அது ஒங்க தலையெழுத்து. என் தம்பி லாக்குல கை வெக்காதீங்க.”

“மேரி, அந்தம்மா கேட்டது...”

“எந்தம்மாவாவது கேக்கட்டும். ரோட்ல போறவங்க யார்னு எனுக்குத் தெரியாது. இவன் நான் தூக்கி வளத்தவன்.” அவருடைய எச்சில் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “சொல்லுங்க.”

சொன்னார். தலைமுடியில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைக்கூட அவள் தட்டிவிடவில்லை, அவர் முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை.

அதன்பிறகு மச்சான் வண்டியைக் கடக்கும்போதெல்லாம் ராடை அந்தப் பக்கத்துக் கையிலிருந்து இந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு போனார். “இன்னா பூட்டு, மச்சான் வண்டிய கண்டுக்கவே மாட்ற?” என்று டீக்கடையில் கேட்டார்கள். சாலையில் அவனுக்குப் பின்னால் போக நேர்ந்தால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். அப்படியும் ஒவ்வொரு மேட்டிலும் அந்த டங் கேட்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் இருவரும் மறைமலைநகருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சுகுமார் முன்னால், இவர் பின்னால். கூடுவாஞ்சேரிக்கு முன்பே ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக்கொண்டது. எங்கேயோ ஒரு லாரி அச்சு முறிந்து நிற்கிறது என்றார்கள். வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. மழையில் தார் பெயர்ந்த இடம் அது. சுகுமார் வண்டியின் வலப்பக்கச் சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தன. பெட்டி வலப்பக்கம் ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்து நின்றது.

அந்தச் சாய்வுக்குக் கீழே, கிடைத்த இடுக்கில், ஒரு ஷேர் ஆட்டோ வந்து நுழைந்தது. திறந்திருந்த இடப்பக்கம் பெட்டியைப் பார்த்தபடி, சுகுமாரின் கேபினுக்குச் சற்றுப் பின்னால் நின்றது. ஓரத்து சீட்டில் இருந்தவளின் முழங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மடியில் மஞ்சள் ஒயர் கூடை.

உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கூடைதான் முதலில் தேவானந்தத்துக்குத் தெரிந்தது. அப்புறம் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த கல்லூரிப் பெண். அப்புறம் செல்வமேரி அண்ணாந்து பெட்டியைப் பார்ப்பது. பார்த்துவிட்டு அவள் தலையைத் தாழ்த்தினாள். டிரைவர் பெண்டாட்டி, டிரைவர் அக்கா. திறந்த கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாருடைய வண்டி என்றும் தெரியும். கூடையின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் எங்கோ விசில் ஊதியது. வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. சுகுமார் எஞ்சினை முறுக்கினான். பள்ளத்திலிருந்து அந்தச் சக்கரங்கள் ஏறும்போது பெட்டி எப்படிக் குலுங்கும் என்று தேவானந்தத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ராடை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதலில் சுகுமார் வண்டியின் இடப்பக்கம் ஓடினார். முன்மூலை திரும்பியது, பின்மூலையும் திரும்பியது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். சாய்வின் கனம் அந்தப் பக்கம். பின்மூலைக் கைப்பிடியை மூன்று அடி அடித்த பிறகுதான் அசைந்தது. அதற்குள் பின்னால் இருந்த பஸ் டிரைவர் கதவைத் திறந்து திட்ட ஆரம்பித்திருந்தார்.

“மாமா! இன்னா பண்ற நீ? வண்டி எடுக்கணும்!” சுகுமார் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினான். “அக்காளுக்கு இன்னா சத்தியம் பண்ண? மறந்துட்டியா?”

தேவானந்தம் வலது முன்மூலைக்கு வந்து நின்றுவிட்டார். அது ஷேர் ஆட்டோவுக்கு நேராக இருந்தது. கைப்பிடிக்கும் செல்வமேரியின் முழங்காலுக்கும் நடுவே ராடை வீச இடமில்லை.

“யோவ் பெருசு, நவுருயா! ஆளுங்க ஒக்காந்துகினு கீறாங்க, தெரியல?” என்றான் ஆட்டோக்காரன்.

அவர் ராடைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அவள் தலைமேல் வைத்த கை அது.

“அக்கா!” அப்போதுதான் சுகுமார் அவளைப் பார்த்தான். “அக்கா, சொல்லு அந்தாளாண்ட! தொறந்து வுடச் சொல்லு!”

செல்வமேரி தம்பியின் பக்கம் திரும்பவில்லை. கூடையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைத் தோளால் மெதுவாக உள்ளே தள்ளி, தானும் நகர்ந்து, புருஷன் ராடை வீசுவதற்கு இடம்விட்டுக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.