பச்சை ஃபியூஸ்

கார்களுக்கு மின்வேலை பார்க்கும் அவனை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் எப்போதும் மல்டிமீட்டர். "வோல்டேஜ் பார்க்காம இவன் காப்பிகூடக் குடிக்கமாட்டான்" என்று பட்டறையில் கிண்டல். பழைய கார் என்றால் அவனுக்கு உயிர். பேட்டரி இறங்கினாலும் ஸ்டார்ட்டர் மக்கர் செய்தாலும் முதலில் எர்த் ஒயரைத்தான் பார்ப்பான். பாதி வியாதி அங்கேதான் இருக்கும். புதிதாக ஒன்றை மாட்டுமுன், பழையது ஏன் போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும் அவனுக்கு.

ஒரே ஒரு முறை அப்படிச் செய்யவில்லை.

அக்கா வீட்டுக்காரரின் காரில் வைப்பர் ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அடைமழை. பட்டறை வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. "மாப்ளே, இப்போதைக்கு ஓடினா போதும்" என்றார் அவர். பத்து ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் லேசில் போகாத முப்பது ஆம்பியர் பச்சையைச் சொருகினான்.

"ஞாயித்துக்கிழமை கொண்டாங்க மாமா, ஒயர் எங்க உரசுதுன்னு பார்த்துடலாம்."

இரண்டு ஞாயிறு போனது. அவர் மறந்தார், இவன் ஞாபகப்படுத்தவில்லை. மூன்றாம் வாரம் சிக்னலில் நின்ற காருக்குள் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார்.

சிகரெட் நெருப்பாகத்தான் இருக்கும் என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தவர் அவர். அக்கா அழவே இல்லை. "பொய் சொல்லிட்டே போய்ட்டாரு" என்றாள், வருகிறவர்களிடமெல்லாம்.

எரிந்த காரை அவன் தனியாகப் போய்ப் பார்த்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒயர்கள் என்ஜின் பக்கத் தகட்டைத் தாண்டும் ஓட்டையில், ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. செம்பு உருகி மணிமணியாய் நின்றது. பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டி பாதிதான் வெந்திருந்தது. பச்சை ஃபியூஸ் முழுசாக இருந்தது. சிவப்பாக இருந்திருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும். வைப்பர் நின்றிருக்கும். மாமா நனைந்துகொண்டே வந்து அவனைத் திட்டியிருப்பார்.

அந்த ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் அக்கா என்ற உறவே அவனுக்கு இல்லை. பதினோரு நாள் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனவன் கையில் அக்கா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து திணித்தாள். மாமாவின் சட்டைகள். "குப்பையில போட்டுடுடா."

அவன் ஃபியூஸை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அவர் சிகரெட் பிடிக்கலக்கா. இது நான் போட்டது. போட்டிருக்கக் கூடாது."

ஒயர், ரப்பர், சூடு என்று எல்லாவற்றையும் சொன்னான். வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் போலத்தான் சொல்ல வந்தது. அக்கா முழுக்கக் கேட்டாள்.

"சரியா பண்ணியிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அரை மணி நேரம்."

மூட்டையை அவனிடமிருந்து பிடுங்கினாள். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். மேலே கிடந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சந்தேகப்பட்டுட்டேனே, சந்தேகப்பட்டுட்டேனே" என்று முதல்முறையாக அழுதாள். அவன் அவள் தோளைத் தொடப் போனான்.

"தொடாத. போயிடு."

வாசலில் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்ட பின்னும் அங்கேயே நின்றான். அக்கா மகள் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினாள்.