டுங்கியைப் பெட்டியில் கட்டியது

அண்ணன் இறந்துபோன பிறகு அவன் லேப்டாப் என்னிடம் வந்தது. உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்துவிட்டதால், திரையைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். அதில் அவன் எழுதிய விளையாட்டு ஒன்று இருந்தது. கடலில் மிதந்து வரும் மரக்கட்டைகளில் இடிக்காமல் ஒரு டுங்கியை, அதான் சின்னப் படகை, ஓட்ட வேண்டும். இடித்தால் அண்ணனே பேசுவான். வாட்ஸ்அப்பில்கூட எழுதித்தான் அனுப்புகிற ஆள் அவன். அவன் குரல் எங்களுக்கு மிச்சமிருப்பது அதில் மட்டும்தான்.

அண்ணி கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை.

"அவர் குரல் அதுல இருக்குன்னியே, எனக்கு அனுப்பு புள்ள. அவர் செஞ்சது அப்படியே வேணும்" என்றார் போனில்.

"அண்ணன் கறுப்பு ஜன்னல்ல ஏதோ டைப் பண்ணித்தான் ஓட்டுவான், அண்ணி."

"அதெல்லாம் என்னால ஆகாது. ரெண்டு தட்டு தட்டுனா திறக்கணும். சமஜ்கயீ, புரிஞ்சுதா?"

எட்டாவதோடு நின்றவள் நான். இங்கே எங்கள் தீவில், டாலிகஞ்சில் ஒரு மளிகைக் கடையில், நிக்கோபார் கப்பலுக்குப் போகும் சரக்கைப் பெட்டி கட்டுகிறேன். இந்தி வீடியோ ஒன்றில் ஒருவன், "எல்லா கிளாஸ் ஃபைலையும் ஒரே டப்பாவில் பந்த் பண்ணு, அடைத்து மூடு" என்று சொன்னதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இது என் வேலையாச்சே!

அண்ணன் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றி வைத்தவைதான் கிளாஸ் ஃபைல்கள். அவற்றை ஜார் என்ற ஒரே பெட்டியாகக் கட்டலாம். அந்த ஃபோல்டருக்குள் போய், கறுப்பு ஜன்னலில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். பெட்டி உருவானது. ஆனால் திறக்கவில்லை. உள்ளே இருப்பவற்றில் எதை முதலில் ஓட்டுவது என்று மெஷினுக்குத் தெரியவில்லையாம். பெயர் எழுதாத பெட்டியை கப்பல் ஜெட்டியில் யார் ஏற்றுவார்கள்? வீடியோவை மறுபடி பார்த்து, இன்னோர் எழுத்தும் ஆரம்பிக்கிற கிளாஸின் பெயரும் சேர்த்தேன்:

jar cfe dungi.jar Dungi *.class

இரண்டு தட்டு தட்டினேன். டுங்கி வந்தது! வேண்டுமென்றே கட்டையில் இடித்தேன். சத்தமில்லை. மறுபடி இடித்தேன். படகு மட்டும் குலுங்கியது.

கப்பல் மறுநாள். பென்டிரைவ் கொண்டுபோக ஆளும் பேசியாகிவிட்டது. பெட்டிக்குள் அண்ணன் இல்லை.

ஃபோல்டரை மறுபடி திறந்து பார்த்தேன். கிளாஸ் ஃபைல்களுக்குக் கீழே தனியாக ஒரு சத்தத்தின் ஃபைல். அதை நான் முன்பே பார்த்திருந்தேன். வேறு ஜாதிச் சரக்கு என்று கை தானாக ஒதுக்கிவிட்டது. எங்கள் கடையில் சோப்பையும் தேயிலையையும் ஒரே பெட்டியில் போட்டால் முதலாளி கத்துவார். கப்பலின் அடித்தட்டில் கிடந்து, போய்ச் சேரும்போது டீயெல்லாம் சோப்பு வாசனை அடிக்கும். இந்தப் பெட்டிக்கு அந்தக் கணக்கு இல்லை போல. கலந்து போட்டால்தான் பேசும்.

கடைசியில் இருந்த *.class என்பதை எடுத்துவிட்டு ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். இங்கே இருப்பது எல்லாம் என்று அதற்கு அர்த்தம். ஒரு புள்ளிக்குள் எல்லாம் அடங்குவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இடித்தேன். "அடியே குண்டு, கட்டை வருது பாரு!" குண்டு என்று அவன் கூப்பிடுவது என்னைத்தான்.

சுவரில் சாய்ந்திருந்த திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பென்டிரைவ் கிடைத்ததும் அண்ணி கூப்பிட்டார்.

"திறந்துச்சு. ஆனா ஒண்ணும் பேசல புள்ள. ரொம்ப நேரமா ஓட்டுறேன்."

மறுபடியும் எதையாவது விட்டுவிட்டேனா?

"கட்டையில இடிச்சீங்களா?"

"அரே, எதுக்கு இடிக்கணும்? ஒண்ணுலகூட படாம ஓட்டிட்டு இருக்கேன்."

"ஒரு தடவ இடிங்க, அண்ணி."

போனில் கீ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில், கொரகொரவென்று, "அடியே குண்டு..."

அண்ணி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"உன்னையத்தானே திட்டுறாரு. எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் மறுபடி இடித்துவிட்டார்.