சுற்றிப் போகாத வண்டி

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறேன். பெரிய கார் என்றால் சரி என்பார்கள். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், ஏசி உண்டு, பின்சீட்டை மடக்கினால் பொங்கல் பானை, விறகு, நேர்ந்துவிட்ட கிடா வரைக்கும் ஏற்றலாம். குடும்பம் என்றால் அப்படி ஒன்று வேண்டியதுதான் என்பார்கள். இரண்டாவது கார்தான் ஒருத்தருக்கும் செரிக்கவில்லை. அது பந்தயத்துக்குப் போகிற மாதிரிக் கார். இரண்டே சீட்டு, மஞ்சள் நிறம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். "அது எதுக்கு?" என்பார்கள். எதுக்கு என்றால்? ஆசைக்குத்தான். மேலத்தெருவில் ஒரே வீட்டு வாசலில் மூன்று டிராக்டர் நின்றது. அதை எவனாவது எதுக்கு என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முதலில் மேலத்தெரு வரும். அதில் நிலபுலன் உள்ளவர்கள். அதைத் தாண்டிக் கடைசியில் எங்கள் தெரு. அந்த நிலங்களில் ஒரு காலத்தில் களை வெட்டியவர்களும் பருத்தி எடுத்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் இருக்கிற தெரு. பிள்ளைகளில் ஒருத்தர் லைன்மேன், ஒரு அக்கா நர்ஸ், இரண்டு பேர் திருப்பூரில். அப்பா பழைய கார் வாங்கி விற்கிறவர். பாளையம்பட்டியில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் வியாபாரம் நடத்தினார்.

எங்கள் தெருவுக்கு வர இரண்டு வழி. ஒன்று மேலத்தெரு வழியாக வருகிற சிமெண்ட் ரோடு. இன்னொன்று கண்மாய்க்கரையைச் சுற்றி வருகிற வண்டிப்பாதை. வெயில் காலத்தில் அதில் புழுதி, மழை பெய்தால் கரிசல் சேறு, இரண்டும் இல்லாதபோது பள்ளம். அப்பா பெரிய காரை எப்போதும் கண்மாய்க்கரை வழியாகத்தான் ஓட்டுவார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை யார்தான் கேட்பார்கள்?

மேலத்தெருவில் எங்கள் பக்கத்து வயசாளிகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு சட்டம் போட்டதை யாரும் பார்த்ததில்லை. அதை எடுத்ததையும் யாரும் பார்த்ததில்லை. இளவட்டங்கள் பைக்கில் சர்ரென்று போய்விடுவார்கள். மேலத்தெரு முறைத்துப் பார்ப்பதோடு சரி. அப்பாவுக்கோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வயசு. இறங்கவும் மாட்டார், ஏறியபடி போகவும் மாட்டார். சுற்றிப் போவார்.

இதில் ஒரு கூத்து உண்டு. மேலத்தெருவில் யாருக்காவது பிரசவ வலி, நெஞ்சு வலி என்றால் எங்கள் பெரிய காருக்குத்தான் ஆள் ஓடிவரும். அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கார் அந்தத் தெரு வழியாக ராஜா மாதிரிப் போகும். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இறக்கிவிட்டதும் அப்பா வந்த வழியே ரோட்டுக்குத் திரும்பிப்போய், கண்மாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நல்ல வண்டி, குடும்பத்துக்கு ஏற்ற வண்டி என்று மேலத்தெருவே அதை மெச்சும். மெச்சாமல் என்ன செய்யும்?

நான் நாலாவது படிக்கும்போது, சரக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூருக்குப் போன அப்பா இந்த மஞ்சள் காரோடு திரும்பினார். மத்தியான நேரம், ஊரே சாப்பிட்டுக் கண்ணசந்திருந்தது. மேலத்தெரு வழியாகத்தான் வந்தார். அது உறுமிய உறுமலில் பாதி ஊர் விழித்துக்கொண்டது. எங்கள் தெருப் பொடிசுகள் கார் நிற்பதற்குள் அதற்குத் தவக்களை என்று பேர் வைத்துவிட்டார்கள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"உள்ள உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும் போலருக்கே. யாருக்குக் குடுக்கப் போறீக இத?"

"இது விக்கிறதுக்கு இல்ல," என்றார் அப்பா.

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "சரி, நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாங்கிய வண்டியின் முதல் ஓட்டம் குலசாமி கோயிலுக்கு என்பது எங்கள் வழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குப் பக்கத்து சீட்டு எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, தெருவில் இருந்த என் வயசுப் பிள்ளைகள் அத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டேன்.

சாயந்திரமே மேலத்தெருவிலிருந்து கமிஷன் கடைக்காரர் வந்தார். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர், அந்த மூன்று டிராக்டர்களுக்கும் சொந்தக்காரர். அவர் அப்பா காலத்தில் எங்கள் தாத்தா அவர்கள் காட்டில்தான் வேலை பார்த்தார். அவரைக் கண்டதும் எழுந்த தாத்தா அவர் போகும் வரைக்கும் உட்காரவில்லை. அப்பா நாற்காலி எடுத்துப் போட்டு, தானும் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டி நல்லாருக்கு தம்பி. ஆனா பாருங்க, பிள்ளைக வெளையாடுற தெரு. சத்தம் வேற. வயசானவுக படுத்துருப்பாக. கண்மாக்கரப் பக்கமாக் கொண்டு போயிருங்களேன்."

"கண்மாக்கரையில இது போகாது அண்ணாச்சி. வயிறு தட்டும்."

"அப்பப் பெரிய வண்டிய எடுத்துட்டுப் போங்க. குடும்பத்துக்கு அதுதான லச்சணம்."

"அதுலதான் இத்தன வருசமாச் சுத்திப் போறேன்."

கமிஷன் கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. "தெரியாம வாங்கிட்டீக போல. நம்மூரு ரோட்டுக்குத் தோதுப்படாத வண்டி."

"தெரிஞ்சுதான் வாங்குனேன் அண்ணாச்சி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்த வண்டியானாலும் அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காத மனிதர், இந்த வண்டியில் ஏமாந்துவிட்டு, விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறாரே என்று நினைத்தேன். சுற்றிப் போகவே முடியாத வண்டி ஒன்றைத் தேடித்தான் அப்பா அவ்வளவு தூரம் போனார் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"நான் சொல்றேன் மொதலாளி, நான் சொல்றேன்," என்று தாத்தா தெருமுனை வரைக்கும் அவர் கூடவே போய்விட்டு வந்தார். வந்ததும், "எதுக்குய்யா நமக்கு வம்பு? வித்துப்புடு," என்றார்.

"அய்யா, நாளைக்கு நீங்கதான் எங்கூட வண்டியில வாரீக," என்றார் அப்பா.

என் தலையில் இடி விழுந்தது. தரையில் உருண்டேன், சோறு வேண்டாம் என்றேன், பள்ளிக்கூடத்துக்கே இனிமேல் போக மாட்டேன் என்றேன். தாத்தாவும் எனக்காகப் பேசினார். "எனக்கு எதுக்குய்யா அது? பச்சப்பிள்ள ஆசப்படுது, அதக் கூட்டிட்டுப் போ," என்று கெஞ்சாத குறைதான். வேண்டும் என்று அழுகிறவளை விட்டுவிட்டு வேண்டாம் என்று கும்பிடுகிறவருக்குச் சீட்டைக் கொடுப்பது என்ன நியாயம்? அப்பா அசைந்துகொடுக்கவில்லை. நான் அம்மாவோடு பெரிய காரில் பின்னால் வரவேண்டுமாம். அம்மா நன்றாகவே கார் ஓட்டுவாள், அதற்காக அது தவக்களை ஆகிவிடுமா?

காலையில் காருக்குத் திருஷ்டி சுற்றினார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினால் அது தரையில் இழுபட்டது. பாதியை அறுத்துப் போட்டுவிட்டுக் கட்டினார்கள். பூஜைச் சாமானில் தேங்காயும் பழமும் வைத்ததுமே டிக்கி நிறைந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அத்தை மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அண்ணே, மேலத்தெருவுல விடியுமுன்ன ஸ்பீடு பிரேக்கர் போட்டு வச்சிருக்காக. பிள்ளைக வெளையாடுற எடமாம்."

இரண்டு செங்கல் உயரத்துக்குக் கல்லும் சரளையும் கொட்டிக் குறுக்கே மேடு கட்டியிருந்தார்களாம். மூன்று டிராக்டர் ஓடியபோது வராத அக்கறை, ஒரு தவக்களை வந்ததும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது! தாத்தா முகம் தெளிந்தது. "அப்பறம் என்னய்யா, பெரிய வண்டியிலயே போயிருவோம்," என்றார். எனக்கும் அதுதான் முடிவு என்று தோன்றியது. அம்மாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதுவீடு கட்டிக்கொண்டிருந்த லைன்மேன் வீட்டுக்குப் போய், நீளமான சென்ட்ரிங் பலகைகளைத் தூக்கிவந்து பெரிய காரில் போட்டாள்.

"ஏறுறதுக்கு ரெண்டு, எறங்குறதுக்கு ரெண்டு. பலக மேல ஏறாத வண்டி எது? எடுங்க போவோம்," என்றாள்.

மேலத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியூர் போகவில்லை போலும். எல்லா வாசலிலும் ஆள் நின்றது. மேட்டுக்கு முன்னால் போய் அப்பா காரை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். நாங்கள் பின்னால் நின்றோம். அம்மா இறங்கினாள், நானும் இறங்கினேன். பலகையின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். கை காந்தியது. அப்பாவோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். இறங்கி ஒரு கை பிடித்தால் என்ன, அப்படி என்ன துரைத்தனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பலகை என் கையிலிருந்து நழுவப்போன நேரம் வேறொரு கை வந்து பிடித்தது. கமிஷன் கடைக்காரரின் மகன், காலேஜில் படிக்கிறவர். "இங்கிட்டுக் குடுங்கக்கா," என்று அம்மாவிடம் வாங்கி, பலகைகளை மேட்டின் மேல் சக்கர அளவுக்குச் சரியாகப் பொருத்தினார்.

"ஏலே, உள்ள வா," என்றார் வாசலில் நின்ற கமிஷன் கடைக்காரர்.

"வாரேம்ப்பா," என்றாரே தவிர மகன் வரவில்லை. காரின் முகப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகை தயார். வழி தயார். கார் நகரவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கார் சத்தமே இல்லாமல் நிற்கிறது. போச்சு, ஸ்டார்ட் ஆகவில்லை, மானம் கப்பலேறப் போகிறது என்று எனக்கு அழுகை முட்டியது. முன்னால் ஓடிப்போய்க் கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னலில் எட்டிப்பார்த்தேன்.

தாத்தா இரண்டு செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக் கைகளால் மூடிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார்.

"மாட்டுங்கய்யா," என்றார் அப்பா.

"இருக்கட்டும்ய்யா. தெருவத் தாண்டி மாட்டிக்கிறேன்."

"மாட்டுங்க. அப்பத்தான் வண்டி நகரும்."

வயசான மனுஷரை இப்படியா அதட்டுவது? தாத்தா செய்ததில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. காருக்குள் புதிதாகப் போட்ட மிதியடிமேல் ஒட்டியிருந்த பாலித்தீனைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அப்பா, புது வண்டி அழுக்காயிரும்னுதான் தாத்தா கழட்டி வச்சிருக்காக!" என்று கத்தினேன்.

தாத்தா அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாத்தா, அதான். அழுக்காயிரும்ல," என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தாத்தாவைப் பார்த்தார்.

"அழுக்காகட்டும்," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. எஞ்சின் ஓடாததால் எல்லா வாசலுக்கும் கேட்டது. கமிஷன் கடைக்காரர் தான் போட்ட மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா குனிந்து, அந்தச் சின்ன இடத்துக்குள் காலை மடக்கி, ஒவ்வொரு செருப்பாக மாட்டினார். நிமிர்ந்து உட்காரும் வரைக்கும் அப்பா சாவியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு எஞ்சின் உறுமியது. கார் பலகைமேல் ஏறி, இறங்கி, அவ்வளவு வேகம் போகக்கூடிய கார், மாட்டுவண்டி போகிற வேகத்தில் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போனது.

அம்மா பலகைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாயோ சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

"ஆசையா வாங்குன வண்டிய அழுக்காக்கச் சொல்றாரு. அப்பாவுக்குக் கிறுக்காம்மா புடிச்சிருக்கு?" என்றேன்.

"ஆமாடி, கிறுக்குத்தான்," என்றாள் அம்மா. "இன்னும் முந்தியே புடிச்சிருக்கணும்."

அம்மாவே சொன்ன பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. சீட்டு போன கோபத்தையெல்லாம் மறந்து, கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கப்பாவுக்குப் பிடித்த கிறுக்குச் சீக்கிரம் தெளியணும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, சாமி அதைக் காதில் வாங்கவில்லை.