அப்பாவின் தீப்பெட்டி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை வீட்டுக்கு அழைத்திருப்பீர்கள். வந்ததும் வராததுமாக நேரே போய்ச் சுவரோரத்து ஹீட்டரைத் தொட்டு, "இது எங்கடை சூடு" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கும். தேநீர், சுகநலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் அவரைக் கண்டாலே, "அண்ணை, முதல்ல ஹீட்டரைப் பாத்திட்டு வாங்கோ, பிறகு கத்தரிக்காயைப் பாப்பம்" என்பார்.

அப்பா பிறந்தது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். மின்சாரமில்லாத போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் படித்த ஊர் அது. அம்மாவையும் தம்பியையும் என்னையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாகப் பாரிசுக்கு வந்தார். உணவகங்களில் கோப்பை கழுவினார். 2009இல் நகரின் வடக்கே, செய்ன் ஆற்றங்கரையில் இருந்த நிலக்கரி மின்நிலையத்தில் வேலை கிடைத்தது. கரியை எரித்து மின்சாரம் எடுப்பார்கள். நீராவியைத் தெருக்களுக்கு அடியில் குழாய்களில் அனுப்பி வீடுகளையும் மருத்துவமனைகளையும் சூடாக்குவார்கள். கரி ஏற்றும் பெல்ட்டின் கீழே கொட்டும் தூளைக் கூட்டி அள்ளுவது அப்பாவின் வேலை. முதலில் ஆறு மாதத் தற்காலிக வேலைதான். அது நிரந்தரமானால் நிலையான சம்பளம் காட்டி எங்களைக் கூப்பிடலாம். நாங்கள் மூவரும் வந்து சேருவதா இல்லையா என்பது மின்நிலையப் பொறுப்பாளரின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. தனக்குச் சோறு போடும் இயந்திரத்தை அப்பா சும்மா விடுவாரா? பெல்ட் நின்றிருந்த நேரம் பார்த்து மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சிறு தட்டில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். ஒருவரும் காணவில்லை. பிறகு வந்த, கூட வேலை செய்த அல்ஜீரிய நண்பர் ஒருவர் மணத்தை வைத்துக் கண்டுபிடித்தார். பறக்கும் கரித்தூளில் ஒரு பொறி விழுந்தாலும் கட்டடமே போயிருக்கும் என்று விளக்கினார். தான் வாய் திறக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

அப்பா நேரே பொறுப்பாளரிடம் போனார். தீப்பெட்டியை மேசையில் வைத்து, தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னார். பொறுப்பாளர் முகம் சிவக்கத் தீப்பெட்டியை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டி, அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று தொலைபேசியில் அம்மா அழுதது எனக்கு இன்றும் கேட்கிறது. "இஞ்சாருங்கோ, ஒருத்தரும் காணேல்லை எண்டால் ஏன் போய்ச் சொன்னனீங்கள்? பிள்ளையளை நினைச்சியளே?"

"நினைச்சபடியால்தான் சொன்னனான். அங்கை வேலை செய்யிறவங்களுக்கும் பிள்ளையள் இருக்குதப்பா."

எனக்கும் அப்போது கோபம்தான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நான்காம் நாள் கூப்பிட்டார்கள். குவித்து வைத்த கரி தானாகவே உள்ளுக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும். அதைச் சுற்றி நடந்து கவனிக்க, தன் பிழையையும் மறைக்காத ஆள்தான் தனக்கு வேண்டும் என்றார் பொறுப்பாளர். வேலை நிரந்தரமானது. நாங்கள் பாரிசுக்கு வடக்கே உள்ள சார்செல் வந்து சேர்ந்தோம். பனியிலும் மழையிலும் அப்பா அந்தக் கரிமலையைச் சுற்றினார். கரியை நிறுத்தி மரக்குருணை எரிக்கத் தொடங்கிய பிறகும் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சந்தனமும் பூவும் மட்டும் கொண்டுபோவார்.

கடைசி நாட்களில் இதயம் களைத்துப் போய் மருத்துவமனையில் கிடந்தபோதும், "பிள்ளை, அந்த ஹீட்டரைத் தொட்டுப் பார், சுடுதே?" என்றார்.

"ஓம் அப்பா, நல்லாச் சுடுது."

அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடினார்.

அவரைக் கனிவோடு பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுவரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், பக்கத்து ஊரான எபினேயிலிருந்து வந்து தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவர் மீதம் இருக்கிறார். தகன மண்டபத்தில் ஒரேயொரு கற்பூரம் கொளுத்த அனுமதி தந்தார்கள். கொளுத்த நெருப்புப்பெட்டி இல்லாமல் தம்பி தடுமாறியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கோலூன்றி வந்தார். பழைய பொறுப்பாளர். சட்டைப் பையிலிருந்து, அன்று லாச்சியில் பூட்டிய அதே தீப்பெட்டியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

"இது உன் அப்பாவுடையது. இன்று கொளுத்தலாம்" என்றார் பிரெஞ்சில்.

முதற்குச்சியே பற்றியது. ஐயா, உங்களுக்கும் எங்கள் நன்றி.

மகள்