சாம்பாரில் விழுந்த ஹீட் சிங்க்

திருவிடந்தையில் ஈசிஆர் ஓரமாக என் அக்காவும் மாமாவும் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் டிவியில் மெனு ஓடத் தொடங்கியதிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, எங்கள் டிவிக்குப் பின்னால் மாட்டிக் கொடுத்தேன். காலையில் பொங்கல், மதியம் சாப்பாடு என்று அதுவே படத்தை மாற்றிக்கொள்ளும்.

பங்குனி வரைக்கும் மாற்றியது. வெயில் ஏறியதும் காலைப் படத்தோடு அசையாமல் நின்றுவிடும். செய்யூரிலிருந்து கோயிலுக்கு வேனில் வந்த ஒரு குடும்பம், உச்சி வெயிலில் டிவியைக் காட்டிப் பொங்கல் கேட்டுச் சண்டை போட்டது.

"இன்னா மச்சான், உன் கம்ப்யூட்டரு நம்ம பரோட்டா மாஸ்டர் மாதிரியே மத்தியானமானா படுத்துக்குது?" என்று மாமா போனில் கத்தினார்.

போய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. பக்கத்திலேயே தோசைக்கல், சுடாமல் என்ன செய்யும்? சிப்பின் சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற ஹீட் சிங்க் ஒன்று வாங்கி வந்தேன். சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும் சின்ன அலுமினியத் துண்டு.

"சிப்ப நல்லா தொடைச்சி குடுங்க மாமா, அப்பத்தான் ஒட்டும்."

நன்றாகத்தான் துடைத்தார். தோசைக்கல் துடைக்கிற துணியால் என்பதை அப்புறம்தான் சொன்னார்.

மறுநாள் இட்லி பிசைந்துகொண்டிருந்த ஒருவர் தட்டிலிருந்து எதையோ தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாத்த, சாம்பார்ல இன்னா இது?"

டிவிக்கு நேர் கீழேதான் சாம்பார் வாளி. மாமா அசரவில்லை. "சூடு ஆறட்டும்னு போட்டது சார்."

அவர் அதைக் கழுவித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் போலிருக்கிறது. "யோவ், இது ஹீட் சிங்க்கு! இத்தப் போயி சாம்பாருக்குப் போட்டுகினு கீறியே!"

கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சாம்பாரை வாளியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அவருக்குப் புதுத் தட்டு வைத்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கம்ப்யூட்டர இங்கேர்ந்து கழட்டுங்க. இல்லன்னா உங்க ரெண்டு பேரயும் வெளிய மாட்டிடுவேன்."

கழற்றினோம். எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் நானே துடைத்து, புது ஹீட் சிங்க்கை ஸ்குரு போட்டு முடுக்கி, கம்ப்யூட்டரைக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். கல்லாவில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அக்கா அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கத்திரி வெயில் முழுக்க மெனு ஒருநாளும் நிற்கவில்லை.

மாமாதான் கல்லாவில் பனியன் நனைய உட்கார்ந்திருந்தார். "அதுக்குக் காத்து, எனக்கு இன்னா?" என்று கேட்டார்.

"நீ இன்னா மெனுவா மாத்தப் போற?" என்றாள் அக்கா.