முடி வளரும் வரைக்கும்

செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் புஷ்பவள்ளி உள்ளே போவார். அது கோயில் இல்லை. கன்னியர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில், மருந்து வாங்கும் ஜன்னலுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் இருக்கிற சின்ன மாதா சிற்றாலயம். டாக்டர்கள் பூட்சோடு வருவார்கள். மிஸ்ஸிகள், அதாவது நர்சுகள், வெள்ளை ஷூவோடு வருவார்கள். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை, போர்டும் இல்லை. "சாமி இருக்கிற எடத்துல செருப்போட எப்படி லா போறது? காலு உள்ள போகாது" என்பார். சில மாதங்களில் அந்தச் சுவரோரம் ஏழெட்டு ஜோடிகள் சேர ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் நானும் கழற்றினேன். எதற்கென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

புஷ்பவள்ளிக்கு வயது ஐம்பத்தாறு. பினாங்கில், ஜெலுத்தோங் பாசார் என்னும் சந்தையில் அரைத்த மசாலா விற்கிறார். ஆறு எவர்சில்வர் சட்டிகளில் மிளகாய், மல்லி, மஞ்சள், வெங்காயம், இஞ்சிபூண்டு, சீரகம். தராசு கிடையாது. வருகிறவர்களிடம் இரண்டே கேள்விகள்: என்ன மீன், எத்தனை பேர். பதில் சொல்லி முடிப்பதற்குள் கரண்டி ஆறு சட்டிகளையும் சுற்றி வந்திருக்கும். சீனத்து அக்காக்களிடம் ஹொக்கியனில் நாலு வார்த்தை, மலாய்க்காரர்களிடம் மலாய், நம்மவர்களிடம் வசவு கலந்த தமிழ். "ரெண்டு பேருக்கு இவ்ளோ மொளகா எதுக்கு? வயிறா, அடுப்பா?" என்று வாங்க வந்தவரையே அதட்டுவார். அதட்டல் வாங்கியவர்கள் மறுநாளும் வந்து நிற்பார்கள்.

விரல்கள் பத்தும் நிரந்தர மஞ்சள். முதல்முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு இளம் மிஸ்ஸி அந்த நகங்களைப் பார்த்துப் பதறிப்போய், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதச் சொல்லி டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். "காமாலை இல்ல மிஸ்ஸி, மசாலா" என்று இவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் நோய் வேறு இடத்தில் இருந்தது. மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், கீமோ மருந்து.

என் அண்ணனுக்கும் அதே வியாழக்கிழமை. அவரை ஊசியோடு கட்டிலில் விட்டுவிட்டு நான் சிற்றாலயத்தில் வந்து உட்காருவேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். கான்டீன் காப்பி வாயில் வைக்க முடியாது, காத்திருக்கும் கூடத்தில் டிவி அலறும். வேறு போக்கிடமில்லை, அவ்வளவுதான். எனக்கு முன் வரிசையில், தலையில் ஊதா நிறக் கம்பளித் தொப்பியோடு புஷ்பவள்ளி இருப்பார். பினாங்கு வெயிலில் கம்பளித் தொப்பி போட்டால் என்ன விஷயம் என்று யாருக்குத்தான் தெரியாது? பாசாரில் அந்தத் தொப்பியைப் பார்த்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்களாம். அவருக்கு அதில்தான் எரிச்சல். "பாவம்னு நெனச்சிக்கிட்டு ஒருத்தரும் சண்டையே போட மாட்றாங்க தம்பி. மொளகா கொறையுதுன்னு சொல்லக்கூட வாய் வரல."

"ஏனக்கா இங்கேயே வந்து உட்காருகிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டுல எம் மக ஷர்மினி கேக்குறா, சாப்பிட்டியா, வாந்தி எடுத்தியான்னு. பாசார்ல கேக்குறாங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு. இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இந்தம்மாகூட கேக்கல" என்று மாதா சிலையைக் காட்டினார். "தண்ணிமல முருகன்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கேன். அவருக்குக் கூட்டம் ஜாஸ்தி. இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போனா அன்னிக்கு நல்லாத் தூங்குறேன்." அந்த முகத்தில் உண்மையிலேயே ஒரு தெளிவு இருக்கும். என் அண்ணனின் முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

செபம் எதுவும் அவருக்குத் தெரியாது. மாதாவிடம் பாசார் நடப்பைச் சொல்வார். வஞ்சிரம் விலை ஏறிப்போனது, பக்கத்துக் கடைக்காரி தேங்காய்ப்பாலில் தண்ணீர் கலப்பது, மருந்து ஏற்றிய மூன்று நாளைக்கு வெங்காய வாசமே குமட்டுவது. கூவி விற்ற குரல் ஆயிற்றே, மெதுவாகப் பேச வராது. அதனால் அவருடைய வேண்டுதலையும் நான் கேட்கும்படி ஆகிவிட்டது. "மொட்டை போடுறேன்னு வேண்டிக்கலாம்னா, அதுக்கும் வழியில்லாம நீயே எடுத்துக்கிட்ட" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி போவட்டும். இனிமே மொளைக்கிறத ஒனக்கே குடுத்துர்றேன். அது வளர்ற வரைக்கும் என்னைய விட்டு வையி."

நவம்பரோடு அவருடைய ஆறு சுற்று மருந்தும் முடிந்தது; ஆனாலும் வியாழக்கிழமைகளில் சிற்றாலயத்துக்கு வருவதை அவர் விடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் தலையில் புகைப்படலம் போல ஏதோ தெரிந்தது. மார்ச்சில் அரை அங்குலம், பாதிக்குமேல் நரை. ஷர்மினி வாராவாரம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவாள், என்னிடமே மூன்று தடவை காட்டினாள். தாய் தொப்பியை மட்டும் கழற்றவில்லை. "குடுக்க வேண்டிய சாமான், எதுக்கு ஊருக்குக் காட்டணும்" என்றார்.

மார்ச் கடைசியில் ஸ்கேன் முடிவு வந்தது. ஈரலில் ஒரு புள்ளி. வேறு மருந்து, முதலிலிருந்து. ஷர்மினி அங்கேயே அழுதுவிட்டாள். புஷ்பவள்ளி டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இதுலயும் முடி போயிருமா?" பெண்பிள்ளையின் கவலை என்று எண்ணிக்கொண்ட அந்த நல்ல மனிதர், விக் விற்கும் கடைக்கு வழி சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் சிற்றாலயத்தில் அவர் மாதாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, முடிய மருந்தே எடுத்துக்கிட்டா அது காணிக்கையா? நாமளா குடுத்தாத்தானே காணிக்கை?" நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஏப்ரலில் புது மருந்து ஆரம்பிக்கும் வியாழக்கிழமை காலை. சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் நவமணியிடம் போய், ஒரு பிளேடை நீட்டியிருக்கிறார் புஷ்பவள்ளி. சிஸ்டர் கண்டிப்பானவர். மெழுகுவர்த்தி சாய்ந்திருந்தால்கூடப் பொறுக்கமாட்டார். "வேளாங்கண்ணியில மொட்டை போடுறாங்கம்மா, இங்க அந்த வழக்கமெல்லாம் இல்ல" என்றார். பிறகு பிளேடைப் பிடுங்கிக்கொண்டார். "ஒங்க ஒடம்புக்கு ஒரு கீறல் பட்டாலே ஆபத்து. இருங்க" என்று போனவர், ஆபரேஷனுக்கு முன்னால் முடி எடுக்கும் மெஷினோடு வந்தார். யாரிடம் என்ன சொல்லி வாங்கினாரோ, நாங்கள் கேட்கவில்லை.

பின்பக்கக் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஷர்மினி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"அம்மா, ஸ்கேன்தான் நல்லா வரலியே! அவங்க ஒண்ணுமே குடுக்கல லா. நீங்க மட்டும் எதுக்குக் குடுக்கணும்?"

எனக்கும் அதே கேள்விதான். வாய்விட்டுக் கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சிலைமேல் கோபமே வந்திருந்தது.

"குடுக்கலன்னு யாருடி சொன்னா?" என்றார் புஷ்பவள்ளி. பாசார் குரல். "நோவு போவணும்னா கேட்டேன்? முடி வளர்ற வரைக்கும் விட்டு வையின்னு கேட்டேன். வளந்துருச்சி. இந்தா ஒக்காந்திருக்கேன். இப்ப இன்னொரு தடவ கேக்கணும். மொதல்ல சொன்னதக் குடுக்காம எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

ஷர்மினி விலகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் தோளில் துண்டைப் போர்த்தினாள். தொப்பியைக் கழற்றிய புஷ்பவள்ளி, மெஷினை வாங்கி நெற்றியின் நடுவிலிருந்து முதல் கோட்டைத் தானே இழுத்தார். மீதியைச் சிஸ்டர் எடுத்தார். ஐந்து நிமிட வேலை. துண்டில் விழுந்ததைச் சேர்த்தால் ஒரு கைப்பிடிகூட இல்லை. அதைச் சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, உள்ளே மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

தலையைக் கழுவி, வீட்டிலேயே இழைத்து டப்பாவில் கொண்டுவந்திருந்த சந்தனத்தைப் பூசிக்கொண்டார். ஷர்மினி தொப்பியை நீட்டினாள். வாங்கிப் பைக்குள் திணித்துவிட்டு நடந்தார்.

மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தோம். எதிரில், பழப்பையோடு யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு பெண், நம்மவள்தான், அந்தச் சந்தனத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"தைப்பூசம் முடிஞ்சி ரெண்டு மாசமாச்சே! எந்தக் கோயில்லக்கா முடி எறக்குனீங்க?"

உள்ளேயிருந்து மிஸ்ஸி பெயரைக் கூப்பிட்டாள். புஷ்பவள்ளி எழுந்து, பையை மகளிடம் கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, நடைபாதையின் கோடியில் தெரிந்த சிற்றாலயத்தின் கதவை நோக்கிக் கையை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.